ஜப்பானில் பேஸ்பால் கார்டு வாங்கப் போகிறீர்களா?

ஜப்பானுக்குப் போகிற, பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் சேகரிப்பவர்களில் பலர் கடைக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது, அமெரிக்காவில் ஆடும் ஜப்பானிய நட்சத்திரம் ஓத்தானியின் டாப்ஸ் (அமெரிக்க கார்டு நிறுவனம்) கார்டுகளைத்தான். வேண்டாம். உலகச் சந்தையில் அவற்றுக்கு என்ன விலை போகிறது என்று அந்தக் கடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும், ஏறக்குறைய அதே விலையைத்தான் ஒட்டி வைத்திருப்பார். அங்கே போய் வாங்க வேண்டியது வெளிநாட்டில் சுலபமாகக் கிடைக்காத சரக்கு, கிடைத்தாலும் தபால் செலவே கார்டு விலையைத் தாண்டிவிடும் சரக்கு. சுருக்கமாக மூன்று: பிபிஎம், கால்பி, மென்கோ.

பிபிஎம் என்பது பேஸ்பால் மேகசின் ஷா பதிப்பகம் 1991 முதல் வெளியிடும் கார்டுகள். ஒவ்வொரு ஆண்டும் புதுமுகங்களுக்கு ரூக்கி எடிஷன், அப்புறம் ஃபர்ஸ்ட் வெர்ஷன், செகண்ட் வெர்ஷன், இவை போக ஜப்பானியத் தொழில்முறை லீக்கின் 12 அணிகளுக்கும் தனித்தனி செட் என்று வந்துகொண்டே இருக்கும். ஓத்தானி வேண்டும் என்றால் 2013இல் நிப்பான் ஹாம் ஃபைட்டர்ஸ் அணிச் சட்டையில் இருக்கும் பிபிஎம் கார்டுகளைப் பாருங்கள், அந்த ஆண்டில் மட்டும் பலவிதம் உண்டு. இன்னொரு நட்சத்திரமான இச்சிரோவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அவருடைய 1993 பிபிஎம் கார்டில் சுசுகி இச்சிரோ என்ற முழுப்பெயர் கான்ஜி எழுத்தில் (சீன மூலத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து) இருக்கும். கதகானாவில் (ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து) வெறும் 'இச்சிரோ' என்று சட்டையில் போட்டுக்கொண்டது 1994இல்தான். அதனால் கதகானாவை மட்டும் மனதில் வைத்துப் பெட்டியைப் புரட்டினால் அந்தக் கார்டு கண்ணெதிரே இருந்தாலும் கடந்து போய்விடும். தேடும் வீரர்களின் பெயரை ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்துக்கொண்டு போங்கள், கடைக்காரரிடம் நீட்டினாலே போதும்.

கால்பி என்பது உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டோடு வரும் கார்டு. 1973இல் தொடங்கியது, முதல் எண் கார்டு அன்றைய நட்சத்திர வீரர் நாகாஷிமாவுக்கு. (அதற்கு முன்பே இதே நிறுவனம் காமென் ரைடர் என்ற டிவி நாயகனின் கார்டு கொடுத்தபோது, பிள்ளைகள் கார்டை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தைக் குப்பையில் போட்டது அங்கே பெரிய பிரச்சினையாகிவிட்டது.) புதிய கால்பி கார்டுக்குக் கடை தேடி அலைய வேண்டாம், சீசன் நேரத்தில் சூப்பர்மார்க்கெட்டிலேயே பாக்கெட்டின் முதுகில் தனி உறையில் ஒட்டியிருக்கும். எழுபதுகளின் கால்பிதான் கார்டு கடையில் தேட வேண்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது மென்கோ. பிள்ளைகள் தரையில் ஓங்கி அடித்து, எதிராளியின் அட்டையைப் புரட்டிப் போட்டு விளையாடிய, வீரர் படம் போட்ட தடித்த அட்டைகள் இவை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் ஐம்பதுகளிலும் கொடிகட்டிப் பறந்தன. பின்பக்கத்தில் கல்-காகிதம்-கத்தரிக்கோல் குறிகளும் நீளமான எண்களும் அச்சடித்திருக்கும். அடித்து விளையாடியவை என்பதால் முனை மழுங்காத மென்கோ அபூர்வம், கூர்மையான முனைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கையோடு எதுவும் வராது. ஜப்பானின் ஹோம் ரன் மன்னர் ஓ சதாஹாரு 1959இல் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார், அந்தக் காலத்து மென்கோவில் அவர் முகத்தைப் பார்ப்பதே தனி அனுபவம், விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

எங்கே போவது? புதிய கார்டுகளுக்கும் பிபிஎம்முக்கும் மிண்ட் என்ற கடைத்தொடர், தோக்கியோவில் இகெபுகுரோ, ஷின்ஜுகு போன்ற இடங்களில் கிளை உண்டு. பழைய சரக்குக்கு நகானோ பிராட்வே வணிக வளாகத்தில் இருக்கும், பழைய காமிக்ஸும் சேகரிப்புப் பொருள்களும் விற்கும் மந்தராகே கடைகளையும், பழைய புத்தகக் கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஜிம்போச்சோவையும் சுற்றலாம். ஜிம்போச்சோவிலிருந்து தோக்கியோ டோம் பேஸ்பால் அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம், பேஸ்பால் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள். பல கடைகள் காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். தெருமட்டத்தில் தேடாதீர்கள், குறுகலான கட்டடத்தின் நாலாவது, ஐந்தாவது மாடியில் இருக்கும், வாசலில் உள்ள பெயர்ப் பலகையில் மாடி எண்ணைப் பாருங்கள். கிளம்பும் முன் அந்தக் கடை இன்னும் அதே முகவரியில் இருக்கிறதா என்று மேப்பில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, இந்தக் கடைகள் இடம் மாறுவதும் மூடுவதும் சகஜம்.

உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று மலைக்காமல், முதலில் மூலையில் இருக்கும் ஒரே விலைப் பெட்டிகளுக்குப் போங்கள். பெரும்பாலும் அணிவாரியாகப் பிரித்திருப்பார்கள், பொறுமை இருந்தால் நல்ல வேட்டை. கார்டின் விளிம்பைப் பிடித்து எடுங்கள், எடுத்த இடத்திலேயே வையுங்கள். கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்க்க "சுமிமாசென்" (மன்னிக்கவும்) என்று கூப்பிட்டு, "கோரே, மிசேத்தே குதாசாய்" (இதைக் காட்டுங்கள்) என்றால் பூட்டைத் திறந்து காட்டுவார். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பேரம் பேசும் பழக்கம் இந்தக் கடைகளில் இல்லை, ஒட்டியிருப்பதுதான் விலை, அதில் 10 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரிபா என்று எழுதிய பாக்கெட்டுகளும் இருக்கும், கடைக்காரரே கையிருப்பைக் கலந்து கட்டிய அதிர்ஷ்டப் பாக்கெட்டுகள் அவை. வெளியே ஒட்டிய பெரிய பரிசுக் கார்டின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அந்தக் காசுக்கு உங்களுக்குப் பிடித்த கார்டு ஒன்றை நேராக வாங்கிக்கொள்ளலாம்.

கடன் அட்டை வாங்காத சின்னக் கடைகளும் உண்டு, கையில் யென் இருக்கட்டும். வரிவிலக்கு தரும் கடை என்றால் பாஸ்போர்ட் கையில் வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் வரியோடு பணத்தைக் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சரிபார்த்தபின் திரும்பப் பெறும் முறை வருகிறது, அதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் கார்டை அங்கே விற்றுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள், பழைய பொருள் வாங்கும் கடைகள் சட்டப்படி விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், உள்ளூர் முகவரி இல்லாத பயணிகளைப் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார்டு போட்டு வைக்கும் மெல்லிய உறைகள் தீர்ந்துவிட்டால் நூறு யென் கடையில் கிடைக்கும், கெட்டியான பிளாஸ்டிக் உறைகளை மட்டும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வாங்கியதை விமானத்தில் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம்.