ஐந்து ஸ்பீக்கர் பூட்டியும் இரண்டின் சத்தம்தான் வருகிறதா?

திருகோணமலையில் சொந்தக்காரர், கூட்டாளிமார் வீடுகளில் ஹோம் தியேட்டர் பூட்டிக் கொடுக்கப் போனால் நான் முதலில் ஸ்பீக்கரைப் பார்ப்பதில்லை, பிளேயருக்குப் பின்னால் எந்த வயர் போகிறது என்றுதான் பார்ப்பேன். அனேகமாக சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர்தான் இருக்கும். அதில் இடது, வலது என்று இரண்டு சனல், அதாவது இரண்டு தனித்தனிச் சத்தம் மட்டுமே வரும், மிச்ச ஸ்பீக்கர்களுக்கு ரிசீவர் (ஸ்பீக்கர் எல்லாம் பூட்டுகிற அம்ப்ளிஃபயர் பெட்டி) அந்த இரண்டையுமே பிரித்துக் கலந்து கொடுக்கிறது. ஐந்திலும் சத்தம் கேட்பதால் வீட்டுக்காரருக்குக் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் 5.1 என்று பதிந்த டிஸ்க்கில் ஐந்து ஸ்பீக்கருக்கும் தனித்தனிச் சத்தம் இருக்கிறது, அந்த .1 சப்வூஃபருக்கான தாழ்ந்த ஒலி. இவ்வளவும் டிஸ்க்கிலேயே நின்றுவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் பாதிப் பயன் இப்படிப் போவதுதான் எனக்குத் தாங்காத விஷயம்.

சரி, என்ன வயர்? ரிசீவரில் படமும் சத்தமும் ஒரே வயரில் போகிற எச்டிஎம்ஐ இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். பிளேயரில் இருந்து நேரே ரிசீவருக்கு, அங்கிருந்து ரிவிக்கு. பலர் பிளேயரை ரிவியில் குத்திவிட்டு ரிவியில் இருந்து சத்தத்தை ரிசீவருக்கு எடுக்கிறார்கள், சில ரிவிகள் அந்த இடத்தில் ஆறு சனலையும் இரண்டாக்கித்தான் வெளியே விடும். பழைய ரிசீவர் என்றால் சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஒப்டிகல் வயர் போதும், டிஸ்க்கில் 5.1 சத்தத்தைப் பதிகிற முறைகளான டொல்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் அதில் முழுசாக வரும்.

ஒப்டிகல் வயர் வாங்கிப் பூட்டிய பிறகும் நடக்கிற பிழை ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். பிளேயரின் செட்டிங்கில் டிஜிட்டல் ஓடியோ அவுட்புட் என்ற இடம் பிசிஎம் (பிளேயரே சத்தத்தை விரித்து அனுப்பும் முறை) என்றே கிடக்கும். ஒப்டிகலில் பிசிஎம் இரண்டு சனலுக்கு மேல் போகாது. அதை பிட்ஸ்ட்ரீம் (டிஸ்க்கில் உள்ளதை விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் முறை) என்று மாற்ற வேண்டும், சில பிளேயரில் ரோ (Raw) என்று எழுதியிருக்கும். மாற்றிவிட்டு ரிசீவரின் முகப்பைப் பாருங்கள், டொல்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்று எழுத்து வந்தால் டிஸ்க்கின் சத்தம் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு சனலை ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கிற புரோ லொஜிக் என்று மட்டும் வந்தால் இன்னும் இரண்டு சனலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், டிஸ்க் மெனுவில் ஓடியோ 5.1 தெரிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நான்கு படங்களை நெருக்கி ஒரே டிவிடியில் பதிந்திருந்தால் அதில் அனேகமாக இரண்டு சனல்தான் இருக்கும், அதற்கு எந்த செட்டிங்கும் உதவாது.

ப்ளூ-ரே வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். ப்ளூ-ரேயில் வரும் உயர்தர ஒலி முறைகளான டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஓடியோ இரண்டும் ஒப்டிகலில் போகாது, எச்டிஎம்ஐ வேண்டும். மெனுவில் செகண்டரி ஓடியோ (படத்தோடு கலந்து வரும் விளக்கவுரை, மெனுச் சத்தம்) என்பதையும் அணைத்து வையுங்கள், அது ஓடினால் பல பிளேயர்கள் சத்தத்தைச் சாதாரண டொல்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ இறக்கித்தான் அனுப்பும்.

இனி ஸ்பீக்கர் வைக்கிற இடம். உப்புவெளியில் ஒரு வீட்டில் வயர் எட்டவில்லை என்று பின் ஸ்பீக்கர் இரண்டையும் ரிவி அலுமாரியின் மேலேயே அடுக்கியிருந்தார்கள். வயர் மீட்டர் கணக்கில் கடையில் விற்கிறது, தயவுசெய்து வாங்குங்கள். நீங்கள் இருக்கும் கதிரையில் இருந்து ரிவியை நேராகப் பார்த்தால் முன் ஸ்பீக்கர் இடமும் வலமும் 30 பாகை அளவில், காது மட்டத்தில் இருக்க வேண்டும். பின் ஸ்பீக்கர் என்று பெயர்தானே தவிர அது முதுகுக்கு நேர் பின்னால் அல்ல, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, 110 பாகையளவில், காதுக்குக் கொஞ்சம் மேலே. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும், அதை ரிவிக்குக் கீழே அலுமாரியின் உள்ளே தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும், பலகையின் விளிம்புவரை முன்னுக்கு இழுத்து வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து ரிசீவரில் கொடுங்கள். ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் எடுக்கும், அதைக் கணக்கிட்டுத்தான் ரிசீவர் கிட்ட உள்ள ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதித்து ஒலிக்க விடுகிறது.

எங்கள் ஹோல்கள் சீமெந்துச் சுவரும் டைல் நிலமுமாக இருப்பதால் சப்வூஃபரை மூலைக்குள் தள்ளினால் ஒரே முழக்கம். ஓரடி இரண்டடி நகர்த்தி நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.

ஜப்பானில் இருந்து வந்த பாவித்த செற் வாங்குபவர்கள் பின் தகட்டைப் படிக்காமல் பிளக்கைக் குத்தக் கூடாது. அங்கே 100 வோல்ட், நமக்கு 230. நேரே கொடுத்தால் செற் எரியும். தகட்டில் உள்ள வாட் அளவைவிடக் கூடுதலாகத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். பவர் உள்ள சப்வூஃபர் தனியாக இருந்தால் அதன் தகட்டையும் பார்க்க வேண்டும்.

கடற்காற்றையும் மறக்க வேண்டாம். உப்புக்காற்றில் செம்பு வயரின் வெறும் முனை பச்சை பிடித்து, ஸ்பீக்கர் கரகரக்கும். வருடத்துக்கு ஒருமுறை முனையை வெட்டிப் புதிதாகச் சீவி, இழைகளை நன்றாக முறுக்கிப் பூட்டுங்கள். ஓர் இழை விலகிப் பக்கத்துக் குமிழைத் தொட்டால் அம்ப்ளிஃபயர் போய்விடலாம். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு, ஒன்று மாறினாலும் பேஸ் மெலிந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் இடிமழை வரும்போல் இருந்தால், இடி முழங்கத் தொடங்க முன்பே கழற்றிவிடுங்கள்; பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் அன்டெனா வயரையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சுவரில் ட்ரில் போடுவதைக் கடைசிக்கு வையுங்கள். ஸ்பீக்கர்களை ஸ்டூலிலோ கதிரையிலோ வைத்து, ரிசீவரில் உள்ள டெஸ்ட் டோனை ஓட விட்டு, இடது என்று காட்டும்போது இடதில்தான் வருகிறதா, ஐந்தும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் படம் போட்டுக் கேட்ட பிறகு ஆணி அடிக்கலாம்.