மருந்துக்கு மசியாத நீர்க்கடுப்பு: மனைவிக்குத் துணையாக நிற்பவர் வீட்டில் செய்ய வேண்டியவை

"என்னங்க, மறுபடியும் எரியுது."

ராத்திரி இரண்டரை மணிக்கு என் மனைவி பாத்ரூம் வாசலில் நின்று இதைச் சொன்னாள். அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். எட்டு மாதத்தில் அது நான்காவது முறை. முந்தைய மூன்று முறையும் நான் செய்தது ஒரே காரியம்தான். விடிந்ததும் மருந்துக்கடைக்குப் போய், பழைய சீட்டைக் காட்டி, அதே மாத்திரையை வாங்கி வருவேன். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கும். மூன்றாம் நாள் மாத்திரை மறந்துபோகும்.

நான்காவது முறை டாக்டர் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னார். சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் டெஸ்ட் அது. ரிப்போர்ட்டில் ஈ. கோலை என்று கிருமியின் பெயர் இருந்தது, அதற்குக் கீழே ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ் என்றும் இருந்தது. நான் அதுவரை வாங்கிக் கொடுத்த மாத்திரைக்கு எதிரே 'ஆர்' என்ற எழுத்து. அந்தக் கிருமியிடம் அந்த மருந்து எடுபடாது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, முதல்முறையாக இந்த நிலையில் நிற்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சரியாகச் சொல்வதற்குத் தேவையானதை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

முதலில் கிருமியைப் பற்றி

ஈ. கோலை எல்லோருடைய குடலிலும் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. பெண்களுக்கு மலவாயும் சிறுநீர்த் துவாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலும், சிறுநீர்க் குழாய் சின்னதாக இருப்பதாலும் அது சுலபமாக மூத்திரப்பைக்குள் ஏறிவிடும். இந்தக் கிருமிகளில் சிலவற்றுக்கு ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியை உண்டாக்கத் தெரியும். பென்சிலின் வகை மருந்துகளையும் செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றையும் அந்த நொதி உடைத்துப்போட்டுவிடும். ஒவ்வொரு முறை தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் குடலில் சாதாரணக் கிருமிகள் சாகின்றன, உடைக்கத் தெரிந்தவை மிஞ்சிப் பெருகுகின்றன. அடுத்த தடவை மேலே ஏறுவது மிஞ்சியவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஒரு வருடத்தில் மூன்று முறையோ வந்தால் டாக்டர்கள் இதை 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் நீங்கள் வந்துவிட்டால் மருந்துக்கடைக் கவுண்டரில் முடிகிற விஷயம் இல்லை இது.

படி 1: மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போனாலும் கிருமி கல்ச்சரில் வளராமல் போகலாம். வளராவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாது.

மூடி போட்ட ஸ்டெரைல் டப்பா ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். லேபிலேயே கொடுப்பார்கள், மருந்துக்கடையிலும் கிடைக்கும். எடுக்கும் விதம் இப்படி: கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். முதலில் வரும் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் விரல் படக்கூடாது. என் மனைவிக்கு முழங்கால் வலி, குனிந்து பிடிக்கச் சிரமம். அதனால் நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பேன். ஈர பாத்ரூம் திண்டில் மூடியைக் கவிழ்த்து வைத்து அதனாலேயே ஒருமுறை சாம்பிள் கெட்டுப்போனது.

எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச்சேர வேண்டும். ராத்திரி என்றால் டப்பாவை ஒரு கவருக்குள் போட்டுக் கட்டி, ஃப்ரிட்ஜில் (ஃப்ரீஸரில் வேண்டாம்) வைத்துக் காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடுங்கள். சமையலறையில் வெளியே வைத்தால் கிருமி அதிலேயே பெருகி, ரிப்போர்ட் தப்பாக வரும்.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எரிச்சலைத் தாங்க முடியாதே என்றால், சாம்பிள் கொடுத்த பிறகு டாக்டரிடம் கேளுங்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இருந்தால் அதைப் பார்த்து இப்போதைக்கு ஒன்றைத் தொடங்கச் சொல்வார்.

படி 2: ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் காலனி எண்ணிக்கையை, அதாவது எவ்வளவு கிருமி வளர்ந்தது என்ற கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் அது உண்மையான தொற்றாக இருக்கும் என்பது வழக்கமான அளவுகோல். தொந்தரவு இருக்கிறவர்களுக்கு அதற்குக் குறைந்த எண்ணிக்கைக்கும் டாக்டர் மருந்து தரலாம். பல கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் எடுத்த விதத்தில் தவறு. மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

அதற்குக் கீழே மருந்துகளின் பட்டியல். 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது, 'ஐ' என்றால் இரண்டுக்கும் நடுவில். பக்கத்தில் எம்.ஐ.சி. என்று ஒரு எண்ணும் இருக்கும். கிருமி வளராமல் தடுக்க அந்த மருந்து குறைந்தது எவ்வளவு வேண்டும் என்ற அளவு அது. நான் முதலில், எந்த மருந்துக்கு எண் சின்னதாக இருக்கிறதோ அதுதான் நல்ல மருந்து என்று நினைத்து டாக்டரிடம் வாதாடினேன். அது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

இன்னொரு விஷயம், 'எஸ்' போட்டதெல்லாம் எல்லா நிலைமைக்கும் ஆகாது. நைட்ரோஃபுரான்டோயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டும் ஈ.எஸ்.பி.எல். கிருமிக்கும் பல சமயம் கேட்கும், வாயால் சாப்பிடும் மருந்துகள்தான். ஆனால் அவை மூத்திரப்பையில் இருக்கிற தொற்றுக்கு. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அவற்றை நம்ப முடியாது. அப்போதுதான் மெரோபெனம், எர்டாபெனம் போன்ற ஊசிகள் வரும்.

படி 3: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் வயது, அலர்ஜி, சுகர், கிரியாட்டினின் அளவு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்), தினமும் சாப்பிடும் மாத்திரைகள். அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு தடவைக்கும் தேதி, என்ன தொந்தரவு, கல்ச்சர் எடுத்த நாள், வந்த முடிவு, கொடுத்த மருந்து, எத்தனை நாள், எப்போது அடங்கியது. ரிப்போர்ட்டுகளை ஃபோட்டோ எடுத்து ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் அருமை ஐந்தாவது முறைதான் தெரிந்தது. விடிகாலையில் கட்டில் ஆடும் அளவுக்கு அவளுக்கு நடுக்கம். இரண்டு போர்வை போட்டும் நிற்கவில்லை. தெர்மாமீட்டரில் 102 டிகிரி. கேஷுவல்டியில் இருந்த இளம் டாக்டர் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். "ஈ.எஸ்.பி.எல். வந்திருக்கா?" என்று கேட்டார். ரத்தக் கல்ச்சரும் யூரின் கல்ச்சரும் எடுத்துவிட்டு நேரே மெரோபெனம் தொடங்கினார். நோட்டு இல்லாமல் போயிருந்தால் வழக்கமான செஃப்ட்ரியாக்சோன் போட்டுவிட்டு, ரிப்போர்ட் வரும்வரை இரண்டு நாள் காத்திருந்திருப்போம்.

படி 4: எப்போது கிளம்ப வேண்டும்

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவிலோ முதுகுப்பக்கத்திலோ வலி, எதைக் குடித்தாலும் வாந்தி, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, பேச்சில் தடுமாற்றம் அல்லது ஆளே சோர்ந்துபோய்க் கிடப்பது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். கர்ப்பமாக இருந்தால் லேசான எரிச்சலுக்கே அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

படி 5: மருந்து நாட்கள்

நைட்ரோஃபுரான்டோயினைச் சாப்பாட்டோடு கொடுங்கள். சிறுநீர் கரும்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட வேண்டாம். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. கிரியாட்டினின் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடியாக வரும். வெந்நீரில் போடாமல் அரை டம்ளர் சாதாரணத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். படுக்கப்போகும் முன், ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டுக் குடித்தால் மருந்து ராத்திரி முழுக்கப் பையில் தங்கும்.

எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் சிட்ரேட் சிரப் பற்றி ஒரு வார்த்தை. அது கொஞ்சம் இதம் தரும், கிருமியைக் கொல்லாது. சிறுநீரின் அமிலத்தைக் குறைப்பதால் நைட்ரோஃபுரான்டோயினின் வேகத்தையும் அது குறைத்துவிடலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெரோபெனம் ஒரு நாளைக்குப் பல வேளை போட வேண்டியது, அதனால் அட்மிட் ஆக வேண்டிவரும். எர்டாபெனம் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். நிலைமை தேறினால் தினமும் போய் போட்டுக்கொண்டு வர டாக்டர் அனுமதிக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. கையில் வென்ஃப்ளானோடு (மருந்து ஏற்ற நரம்பில் பொருத்திவைக்கும் சின்னக் குழாய்) வீட்டுக்கு வந்தாள். அது போட்ட தேதியைப் பிளாஸ்திரி மேலேயே பேனாவால் எழுதிவைத்தோம். குளிக்கும்போது பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவேன். அந்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, தொட்டால் வலித்தாலோ அன்றைக்கே எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

எரிச்சல் நின்றது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. மிச்சம் வைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். மத்திய அரசு 2016-ல் இதைப் பற்றிப் பிரசாரமே செய்தது. எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் அப்படி நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாத்திரை மிச்சம்.

படி 6: நன்றாக இருக்கிற நாட்கள்

தண்ணீர்தான் முதலில். குறைவாகக் குடிக்கும் பழக்கம் உள்ள 140 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி 2018-ல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் வந்த தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னவர்களுக்கு இது பொருந்தாது. பார்லி கஞ்சி, நீர்மோர், வாழைத்தண்டு ஜூஸ் எல்லாம் கொடுங்கள், தண்ணீர்க் கணக்கில் சேரும். மருந்துக்குப் பதிலாக அவற்றைக் கொடுக்க வேண்டாம்.

நான் வெகுநாள் கவனிக்காத ஒன்று உண்டு. ஊருக்குப் பஸ்ஸில் போகிற நாளில் என் மனைவி காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் பயந்து ஏழு எட்டு மணி நேரம் அடக்கிக்கொள்வாள். நோட்டைப் புரட்டியபோது ஐந்தில் மூன்று தடவை, ஊருக்குப் போய்வந்த இரண்டு மூன்று நாளில் ஆரம்பித்திருந்தது. இப்போது கழிப்பறை உள்ள ரயிலில்தான் டிக்கெட் போடுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று நானே விசாரித்துச் சொல்லிவிடுகிறேன். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்தவளுக்கு அது பெரிய ஆறுதல்.

கழுவும்போது முன்னாலிருந்து பின்னால். வாசனைத் திரவங்களும் கிருமிநாசினியும் அந்த இடத்தில் வேண்டாம், காவலுக்கு இருக்கும் நல்ல கிருமிகளையும் அவை கொன்றுவிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில. மாதவிடாய் நின்றவர் என்றால் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் சரிப்படுமா என்று கேளுங்கள். திரும்ப வருவதைக் குறைப்பதாக நன்றாகத் தெரிந்த முறை அது, ஆனால் வெட்கத்தில் யாரும் பேச்சை எடுப்பதில்லை. கல் இருக்கிறதா, சிறுநீர் கழித்த பிறகும் பையில் மிச்சம் தங்குகிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டுமா? தினமும் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்குப் பதிலாக, சிறுநீரில் கிருமி வளராமல் தடுக்கும் மெத்தெனமைன் என்ற மாத்திரை கொடுக்கலாமா? சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அவை சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் பூஞ்சைத் தொற்று வந்து, அந்த அரிப்பும் எரிச்சலும் இதே போலத் தோன்றலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

தொந்தரவு எதுவும் இல்லாதபோது 'சரியாகிவிட்டதா பார்க்கலாம்' என்று கல்ச்சர் எடுக்காதீர்கள். கிருமி சும்மா தங்கியிருக்கலாம். கர்ப்பமோ சிறுநீர்ப் பாதை ஆபரேஷனோ இல்லையென்றால் அதற்கு மருந்து தேவையில்லை. நாங்கள் ஒருமுறை அப்படி எடுத்து, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, வீணாக ஒரு வாரம் மாத்திரை சாப்பிட வைத்தோம்.

கணவன் மனைவிக்குள்

ஈ.எஸ்.பி.எல். என்ற பெயரைக் கேட்டதும் என் மனைவி தன் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைத்துக்கொண்டாள். அதற்கு அவசியமே இல்லை. கழிப்பறை போனபின்னும் சமைக்கும் முன்னும் வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். இந்தக் கிருமி உங்கள் குடலிலும் ஏற்கனவே இருக்கலாம், அதற்காக உங்களுக்கு மருந்தோ டெஸ்ட்டோ வேண்டியதில்லை. இது பால்வினை நோயும் இல்லை. ஆனால் உறவுக்குப் பிறகு வருவது வாடிக்கை என்றால் அதையும் நோட்டில் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி வழிகள் இருக்கின்றன. உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது நல்லது. எரிச்சல் இருக்கிற நாட்களில் அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் விலகிப் படுங்கள், அவர் மன்னிப்புக் கேட்கும்படி வைத்துவிடாதீர்கள்.

அந்தத் தட்டையும் டம்ளரையும் நான் எடுத்து மறுபடி அலமாரியில் மற்றவற்றோடு வைத்தேன். இரண்டு நாள் அவள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த டம்ளரில் நான் காபி குடிப்பதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.