ஜன்னல் கம்பி நெளிந்து தெரிகிறதா? மேக்குலாவைக் கவனிக்கும் முறை

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் அறுபது தாண்டிய ஒருவர் "கண்ணு மங்கலா இருக்கு" என்றால், "புரை விழுந்திருக்கும், பொங்கல் போகட்டும் பாத்துக்கலாம்" என்பார்கள். புரை பெரும்பாலும் காத்திருக்கும். மேக்குலாவில் கசிவு தொடங்கினால் அது காத்திருக்காது.

மேக்குலா என்பது விழித்திரையின் நடுவே சுமார் 5 மி.மீ. அகலமுள்ள இடம். பேப்பர் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகம் தெரிவதும் இதனால்தான். வயதாக ஆக இதன் அடியில் ட்ரூசன் என்ற மஞ்சள் படிவுகள் சேரும். இப்படி வரும் வயது சார்ந்த மேக்குலா சிதைவு நோயில் இரண்டு வகை. உலர் வகை மேக்குலாவை வருடக்கணக்கில் மெல்லத் தேய்க்கும். ஈர வகையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசியும். சில நாட்களிலேயே நடுப்பார்வை போய்விடலாம். ஓரப்பார்வை மிஞ்சுவதால் வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார்கள், யாருக்கும் சந்தேகம் வராது.

இதை வீட்டிலேயே கவனிக்க ஆம்ஸ்லர் கட்டம் உதவும். வெள்ளைத் தாளில் 10 செ.மீ. சதுரம் போட்டு, 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுங்கள். பக்கத்துக்கு 20 கட்டம் வரும். நட்ட நடுவில் ஒரு கரும்புள்ளி. படிக்கிற கண்ணாடியைப் போட்டு, நல்ல வெளிச்சத்தில், 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் புள்ளியை மட்டும் பாருங்கள். கோடு நெளிந்தாலோ, ஒரு பக்கம் கட்டம் அழிந்தது போலிருந்தாலோ, நடுவில் கறுப்பாக அப்பியிருந்தாலோ அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு அடுத்த கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார்வையைக் கோட்டின் மேல் ஓடவிடுவதும் தவறு. வாரம் ஒருமுறை பாருங்கள், ட்ரூசன் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் தினமும். தாள் இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியும் பாத்ரூம் டைல்ஸும் உதவும்.

புதிதாக நெளிவு தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் மாற்றிப் பயனில்லை. ஸ்டான்லி மருத்துவமனையின் கண் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு மெட்ரோவில் சென்ட்ரலில் மாறிப் போகலாம். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் கருமணியை விரிப்பார்கள், சில மணி நேரம் கண் கூசும். பைக்கை எடுக்காதீர்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

பீடி, சிகரெட்டை விடுவதுதான் நம் கையில் இருக்கும் பெரிய தற்காப்பு. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வாரத்தில் பல நாள் எண்ணெய் விட்டுச் சமைத்துச் சாப்பிடுங்கள். அதிலுள்ள லூட்டின் என்ற நிறமிச் சத்து கொழுப்போடுதான் உடம்பில் சேரும். காசிமேட்டு மத்தியைக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். சத்து மாத்திரை எல்லோருக்கும் அல்ல. நடுத்தர நிலை நோய் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான் பலன். 2013இல் முடிவு வெளியான ஆய்வின் அளவு இது: வைட்டமின் சி 500 மி.கி., ஈ 400 ஐ.யூ., லூட்டின் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி., துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி. டாக்டர் சொன்ன பிறகே வாங்குங்கள். பீட்டா கரோட்டின் கலந்ததைப் புகைபிடிப்பவர்களும் புகையை விட்டவர்களும் தொடக்கூடாது, நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.

ஈர வகைக்குக் கண்ணுக்குள் ஊசி. மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுவார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதம் மாதம் ஒன்று, பிறகு ஸ்கேனைப் பார்த்து. "தெளிவா தெரியுது" என்று நடுவில் நிறுத்தினால் கசிவு திரும்பும். ஊசி போட்ட பின் வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்து பார்வை மங்கினாலோ கிருமி நுழைந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றைக்கே ஓடுங்கள்.