போலீஸ் அடிச்சதுக்கு நஷ்டஈடு, பணம் யார் பாக்கெட்ல இருந்து போகுது: அமெரிக்க செட்டில்மென்ட் நியூஸைப் படிக்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020ல போலீஸ்காரர் கழுத்துல முட்டியை வச்சு அழுத்தி செத்துப்போன ஜார்ஜ் ஃபிளாய்ட் குடும்பத்துக்கு, மினசோட்டா மாநிலத்துல இருக்கற மினியாபொலிஸ் சிட்டி நிர்வாகம் 2021 மார்ச்ல 2.7 கோடி டாலர் தர ஒத்துக்கிச்சுன்னு நியூஸ் வந்தப்ப எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் "இனிமே எந்த போலீஸ்காரனும் கை வைக்க யோசிப்பான், சொத்தெல்லாம் போயிடும்ல"ன்னு போட்டாரு, உடனே பத்து பேர் கைதட்டற எமோஜி போட்டாங்க. எனக்கும் அப்ப அது சரின்னுதான் பட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பணம் எங்க இருந்து வருதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க வயிறு எரிஞ்சதுதான் மிச்சம். இன்னிக்கும் ஒவ்வொரு தடவை ஒரு பெரிய தொகை நியூஸ்ல வரும்போதும் அதே பேச்சுதான் திரும்பத் திரும்ப வருது, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

முதல்ல, அந்த ஆபீசர் கட்டுவார்ங்கற நெனப்பை விடணும். இந்தக் குழப்பம் வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, கேஸ் பேப்பரை எடுத்தா அதுல ஆபீசர் பேர்தான் இருக்கும். 1871ல, அடிமைமுறை ஒழிஞ்ச கொஞ்ச வருஷத்துல, கு கிளக்ஸ் கிளான் அட்டூழியத்தை அடக்கறதுக்குன்னு ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, அதுல இருந்து வந்ததுதான் இன்னிக்கு எல்லாரும் சொல்ற செக்‌ஷன் 1983 (அது சட்டப் பிரிவு நம்பர், வருஷம் இல்ல). அரசாங்கம் குடுத்த அதிகாரத்தை வச்சு ஒருத்தர் உன் உரிமையை மீறினா அவர் மேல நீ சிவில் கேஸ் போடலாம், அவ்வளவுதான் அதோட சாரம். சரி, அப்ப சிட்டி மேலயே நேரா போட வேண்டியதுதானேன்னா, 1978ல மொனெல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஒரு கண்டிஷன் வச்சிடுச்சு, உங்க ஊழியர் தப்பு பண்ணிட்டார்ங்கறதுக்காக மட்டும் சிட்டியைப் பிடிக்க முடியாது, சிட்டியோட பாலிசியாலயோ காலங்காலமா நடக்கற வழக்கத்தாலயோதான் இது நடந்துச்சுன்னு காட்டணும். அதை நிரூபிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். அதனால வக்கீல்கள் ஆபீசர் பேரைப் போட்டு கேஸ் நடத்துவாங்க, கடைசியில தீர்ப்போ, தீர்ப்புக்குப் போகாம ரெண்டு தரப்பும் பேசி முடிக்கற செட்டில்மென்ட்டோ வந்தா செக் மட்டும் சிட்டி எழுதும். இதுக்குப் பேர் இன்டெம்னிஃபிகேஷன். கலிஃபோர்னியா மாதிரி இடத்துல சட்டமே அப்படித்தான் சொல்லுது, வேலை சம்பந்தமா செஞ்ச காரியத்துக்கு தீர்ப்பு வந்தா வேலைக்கு வச்சவங்கதான் கட்டணும்னு.

எவ்வளவு தூரம் அப்படின்னா, யுசிஎல்ஏ சட்டப் பேராசிரியர் ஜோவானா ஷ்வார்ட்ஸ் 44 பெரிய போலீஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து 2006 முதல் 2011 வரைக்கும் உள்ள கணக்கை வாங்கிப் பார்த்து 2014ல வெளியிட்டாங்க. கேஸ் போட்டவங்க கைக்கு வந்த பணத்துல 99.98 சதவீதம் அரசாங்கம் கட்டினது. அதாவது 10,000 டாலர்ல 2 டாலர்தான் ஆபீசர்கள் தரப்புல இருந்து வந்திருக்கு. அபூர்வமா ஒரு ஆபீசர் கட்டினாலும் பாதிக்குப் பாதி பேர் கட்டினது 2,250 டாலரோ அதுக்கும் கம்மியோதான். ஜூரி கோபத்துல, இவனுக்கு உறைக்கணும்னே தனியா போடற பியூனிட்டிவ் டேமேஜஸ் இருக்குல்ல, அதைக்கூட அந்த கணக்குல இருந்த ஒரு ஆபீசரும் கையில இருந்து கட்டலை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

இங்கயே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிடறேன், குவாலிஃபைட் இம்யூனிட்டியும் இதுவும் ஒண்ணுன்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க. ஒண்ணு இல்ல. குவாலிஃபைட் இம்யூனிட்டி கேஸை உள்ளயே விடாம வாசல்லயே தடுக்கற கதவு, இதே மாதிரி ஒரு செயல் தப்புன்னு முன்னாடியே கோர்ட் தெளிவா சொல்லியிருந்தாத்தான் ஆபீசரைப் பிடிக்க முடியும்னு சொல்றது. அந்தக் கதவைத் தாண்டி கேஸ் ஜெயிச்ச பிறகு பில்லை யார் கட்டறதுங்கறதுதான் இன்டெம்னிஃபிகேஷன். அதனால குவாலிஃபைட் இம்யூனிட்டியை நாளைக்கே தூக்கிட்டா போலீஸ்காரங்க வீடு வாசல் எல்லாம் போயிடும்னு பயமுறுத்தறாங்க பாருங்க, அதுவும் தப்பு, அதைத் தூக்கிட்டா போலீஸ் சொந்தப் பணத்தைக் கட்டுவாங்கன்னு சந்தோஷப்படறதும் தப்பு.

சரி ஆபீசர் கட்டலை, போலீஸ் டிபார்ட்மென்ட் பட்ஜெட்ல இருந்தாவது போகும், அடுத்த வருஷம் அவங்களுக்கு வண்டி வாங்கறதுக்கோ ஓவர்டைமுக்கோ பணம் குறையும், அப்ப மேலதிகாரி தன் ஆளுங்களைக் கண்டிப்பார்னு எதிர்பார்க்கறது அடுத்த தவறு, என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்துலயும் பெருசு. நியூயார்க் மாதிரி பெரிய சிட்டில இந்தப் பணம் போலீஸ் பட்ஜெட்ல இருந்து போறதில்லை, சிட்டியோட பொது நிதியில ஜட்ஜ்மென்ட்ஸ் அண்ட் கிளெய்ம்ஸ்னு தனியா ஒரு லைன் இருக்கு, அதுல இருந்து போகுது. கேஸை சிட்டி வக்கீல் ஆபீஸ் பார்த்துக்கும், செட்டில்மென்ட்டுக்கு சிட்டியோட நிதிக் கணக்கைப் பார்க்கற கம்ப்ட்ரோலர் ஆபீஸ் ஓகே சொல்லும், அடிச்ச டிபார்ட்மென்ட்டுக்கு இது எங்கயோ நடக்கற விஷயம். வாஷிங்டன் போஸ்ட் 2022ல 25 பெரிய டிபார்ட்மென்ட் கணக்கை எடுத்தப்ப பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 40,000 பேமென்ட், மொத்தம் 320 கோடி டாலருக்கு மேலன்னு வந்துச்சு. அதுல கிட்டத்தட்ட 150 கோடி, ஒரு தடவைக்கு மேல சிட்டி பணம் கட்டறதுக்குக் காரணமான அதே ஆபீசர்கள் சம்பந்தப்பட்டது. ஒரு கம்பெனில ஒரே டிரைவர் திரும்பத் திரும்ப வண்டியை இடிச்சு கம்பெனி பணம் கட்டிக்கிட்டே இருந்தா அவர் சாவியை எப்பவோ வாங்கி வச்சிருப்பாங்க. இங்க சாவி அவர்கிட்டயேதான் இருக்கு, ஏன்னா பில் போற டேபிள் வேற.

நான் இருக்கற ஊர்ல ஒரு தடவை சிட்டி கவுன்சில் மீட்டிங்கை ஆன்லைன்ல பார்த்துட்டு இருந்தேன். ரோட்டுக்கு தார் போடற கான்ட்ராக்ட், ஒரு பார்க்குக்கு பேர் வைக்கறது, அதுக்கு நடுவுல ஒரு செட்டில்மென்ட், கேஸ் நம்பரையும் தொகையையும் மட்டும் வாசிச்சாங்க, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டு, ஒரு நிமிஷம்கூட ஆகலை. யாருக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. அந்தக் கேஸ் நம்பரைத் தேடிப் பார்த்தப்பதான் ஒருத்தருக்கு கை உடைஞ்ச கதைன்னு தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரலை.

அடுத்து, "சிட்டி கட்டுச்சு"ன்னு சொல்லிட்டு அங்கயே நிறுத்திடறது. சிட்டின்னு தனியா ஒரு பணக்கார ஆள் இல்ல. மிச்சிகன்ல டெட்ராய்ட் பக்கத்துல இன்க்ஸ்டர்னு ஒரு சின்ன ஊர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், ஏற்கனவே பணத்துக்கு திண்டாடற ஊர். 2015 ஜனவரில 57 வயசு ஆள் ஒருத்தரை டிராஃபிக் ஸ்டாப்ல வெளிய இழுத்துப் போட்டு ஒரு ஆபீசர் தலையில 16 தடவை குத்தறது போலீஸ் வண்டி கேமராலயே பதிவாயிடுச்சு. செட்டில்மென்ட் கிட்டத்தட்ட 14 லட்சம் டாலர். சிட்டிகிட்ட அந்தப் பணம் இல்ல, அதனால அந்த வருஷ கோடையில வந்த பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லுல வீட்டுக்கு சராசரியா 178 டாலர் கூடுதலா ஒரு லைன் சேர்த்து அனுப்பிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ரோட்ல அந்த மாதிரி மடக்கப்படற அதே மக்கள் வீட்டுக்குத்தான் அந்த பில் போச்சு. மத்த ஊர்லயும் இதேதான் நடக்குது, ஆனா பட்ஜெட்டுக்குள்ள கரைஞ்சு போயிடறதால கண்ணுக்குத் தெரியறதில்லை, லைப்ரரி நேரம் குறையும், பார்க்ல வேலை நிக்கும், ஏன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இன்க்ஸ்டர்ல அந்த லைன் பில்லுலயே தெரிஞ்சுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடன் வாங்கிக் கட்டற ஊர்களும் இருக்கு. சிகாகோ 2010ல இருந்து 2017 வரைக்கும் போலீஸ் செட்டில்மென்ட் தீர்ப்புகளுக்காக பாண்ட், அதாவது வட்டி தர்ற கடன் பத்திரம், போட்டு 70 கோடி டாலருக்கு மேல கடன் எடுத்திருக்கு. இன்னிக்கு அடிச்ச அடிக்கு இன்னும் பள்ளிக்கூடம்கூட போகாத குழந்தை பெரியவனாகி வட்டியோட கட்டணும், நடுவுல பாண்டை வித்துக் குடுத்த பேங்குக்கு கமிஷன், வாங்கி வச்சவங்களுக்கு வட்டி.

இன்ஷூரன்ஸ் கட்டிடும், மக்கள் பணம் போகாதுங்கறதும் பாதி உண்மைதான். பெரிய சிட்டிகள்ல நிறைய இடத்துல வெளி இன்ஷூரன்ஸே கிடையாது, தாங்களே ஒரு ஃபண்ட் வச்சுக்குவாங்க, மினியாபொலிஸ் அப்படித்தான். சின்ன ஊர்கள்தான் பாலிசி எடுக்கும் இல்லைன்னா பல ஊர் சேர்ந்து ஒரு பொது ஃபண்ட் வச்சுக்கும், அதே மினசோட்டால டிராஃபிக் ஸ்டாப்ல போலீஸ் சுட்டுக் கொன்ன ஃபிலாண்டோ காஸ்டில் குடும்பத்துக்கு 2017ல போன 30 லட்சம் டாலர் அப்படி ஒரு ஃபண்ட்ல இருந்து வந்ததுதான். பிரீமியம் மட்டும் எங்க இருந்து வருது, அதுவும் வரிப்பணம்தான். ஆனா இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், இன்ஷூரன்ஸ்காரன் கணக்குப் பார்ப்பான். கலிஃபோர்னியால மேவுட்ங்கற ஊருக்கு 2010ல இன்ஷூரன்ஸ் கவரேஜே போயிடுச்சு, ஊர் தன்னோட போலீஸ் டிபார்ட்மென்ட்டையே கலைச்சிட்டு அந்த வேலையை கவுன்ட்டி போலீஸான ஷெரிஃப்கிட்ட ஒப்படைச்சுது. மேயரும் வோட்டரும் செய்யாததை ஒரு பாலிசி ரத்து செஞ்சு காட்டுச்சு.

நியூஸ்ல வர்ற தொகை அப்படியே குடும்பத்துக்குப் போகுதுன்னு நெனச்சு "லாட்டரி அடிச்ச மாதிரி"ன்னு பேசறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு இந்த வார்த்தையை மட்டும் யாரும் சொல்லாதீங்க. வக்கீல் ஃபீஸ் பெரும்பாலும் மூணுல ஒரு பங்குல இருந்து 40 சதவீதம் வரைக்கும் போகும், எக்ஸ்பர்ட் சாட்சி செலவு தனி, பல கேஸ்ல பணம் தவணையாத்தான் வரும். கிளீவ்லண்ட்ல 2014ல பொம்மைத் துப்பாக்கி வச்சிருந்த 12 வயசுப் பையன் டமீர் ரைஸை போலீஸ் சுட்டுக் கொன்னாங்க, 2016ல 60 லட்சம் டாலருக்கு செட்டில் ஆச்சு, அதுவும் ரெண்டு வருஷத்துக்குப் பிரிச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அதே சிட்டி, பையனைக் கொண்டு போன ஆம்புலன்ஸுக்கு 500 டாலர் பாக்கின்னு கோர்ட்ல கிளெய்ம் போட்டுச்சு. ஊரே கொதிச்ச பிறகு மன்னிப்பு கேட்டு வாபஸ் வாங்கினாங்க. அந்த அம்மா அந்த பேப்பரை எப்படி கையில பிடிச்சிருப்பாங்கன்னு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது.

பணம் குடுத்துட்டாங்க, அப்ப தப்பை ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்கறதும் வேண்டாம். டமீர் கேஸ் உட்பட பெரும்பாலான செட்டில்மென்ட்ல "நாங்க எந்தத் தப்பையும் ஒத்துக்கலை"ன்னு ஒரு வரி இருக்கும். நியூயார்க்ல 2014ல போலீஸ் கழுத்தை இறுக்கிப் பிடிச்சதுல செத்துப்போன எரிக் கார்னர் குடும்பத்துக்கு 2015ல 59 லட்சம் டாலர் போச்சு, கழுத்தைப் பிடிச்ச ஆபீசர் மேல கிரிமினல் சார்ஜ் வரவே இல்ல, வேலையை விட்டு எடுக்கறதுக்கே 2019 ஆயிடுச்சு. சில நேரம் பணம் உண்மையை மூடறதுக்கும் போகும். சிகாகோல 17 வயசு லக்வான் மெக்டானல்டை 16 தடவை சுட்டாங்க, குடும்பம் கேஸ் ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே 2015 ஏப்ரல்ல கவுன்சில் 50 லட்சம் டாலருக்கு ஓட்டுப் போட்டுடுச்சு, வீடியோ மக்களுக்குக் கிடைச்சது நவம்பர்ல, அதுவும் ஒரு ரிப்போர்ட்டர் கேஸ் போட்டு ஜட்ஜ் உத்தரவு போட்ட பிறகு. பால்டிமோர்ல ஒரு பெண்ணுக்கு 63,000 டாலர் செட்டில்மென்ட், வாயைத் திறக்கக் கூடாதுன்னு கண்டிஷன், ஒரு நியூஸுக்கு கீழ அவங்களை அசிங்கமா எழுதினவங்களுக்கு பதில் எழுதிட்டாங்கன்னு பாதிப் பணத்தை சிட்டி பிடிச்சு வச்சுக்கிச்சு. 2019ல அப்பீல் கோர்ட் அந்த வாய்ப்பூட்டு செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

"அப்ப ஆபீசரையே கட்டச் சொல்லிடலாம், முடிஞ்சுது"ங்கறதும் அவசரம். அவர் சம்பளத்துக்கு 2.7 கோடி எங்க இருந்து வரும், சிட்டி கையைக் கழுவிட்டா குடும்பத்துக்கு ஒரு பேப்பர் தீர்ப்புதான் மிஞ்சும். கொலராடோ 2020ல ஒரு நடுவழி கண்டுபிடிச்சுது, ஆபீசர் நல்லெண்ணத்தோட நடக்கலைன்னு டிபார்ட்மென்ட் முடிவு பண்ணினா தீர்ப்புத் தொகையில 5 சதவீதமோ 25,000 டாலரோ எது கம்மியோ அது அவர் கையில இருந்து, மீதி சிட்டி கட்டும், அவரால முடியலைன்னா அதையும் சிட்டி கட்டும், குடும்பம் நஷ்டப்படாது. யூனியனைக் கட்ட வச்ச கேஸும் இருக்கு, நியூயார்க் போலீஸ் ஸ்டேஷன்ல கொடுமைப்படுத்தப்பட்ட அப்னர் லூயிமாவுக்கு 2001ல கிடைச்ச 87.5 லட்சம் டாலர்ல 16.25 லட்சம் நியூயார்க் போலீஸ் யூனியன் குடுத்தது. அந்த மாதிரி ரொம்ப அபூர்வம்.

நீங்க அமெரிக்கால இருந்தா உங்க ஊர் பட்ஜெட் பிடிஎஃப் சிட்டி சைட்ல இருக்கும், அதுல ஜட்ஜ்மென்ட், கிளெய்ம்ஸ், லயபிலிட்டி, செல்ஃப் இன்ஷூரன்ஸ் இந்த வார்த்தைகளைத் தேடிப் பாருங்க, போலீஸுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் போட்டிருக்காங்களா, அந்தப் பணம் போலீஸ் பட்ஜெட்ல இருந்து கழியுதா இல்ல பொது நிதியில இருந்தான்னு பாருங்க. பிரிச்சுப் போடலைன்னா பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ரிக்வெஸ்ட் (நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி) எழுதிக் கேக்கலாம், கேக்கும்போது ஒரே ஆபீசர் எத்தனை கேஸ்ல வர்றார்னும் சேர்த்துக் கேளுங்க.