பனிஷர் காமிக்ஸ்: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் படிப்பது

குடும்பத்தைப் பறிகொடுத்து, குற்றவாளிகளைத் தானே கொன்று தண்டிக்கும் ஃபிராங்க்தான் பனிஷர். அவன் கதைகளைப் படிக்க வருபவர் முதலில் சிக்கிக்கொள்வது இதழ் எண்களில்தான். மார்வெல் பதிப்பகம் இந்தத் தொடரைப் பலமுறை நிறுத்தி, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. ‘பனிஷர் 1’ என்று மட்டும் தேடினால் தவறான புத்தகம் கைக்கு வரும். எண்ணோடு ஆண்டு, எழுத்தாளர் பெயர் இரண்டையும் சரிபார்த்து வாங்குங்கள்.

அவன் அறிமுகமானது 1974-இல், அமேசிங் ஸ்பைடர்மேன் 129-ஆம் இதழில். அதில் தொடங்க வேண்டாம். குடும்பத்தைப் பறிகொடுத்த கதையே அங்கே இல்லை. ஸ்பைடர்மேனைக் கொல்ல ஏவிவிடப்பட்ட ஆளாக வந்து போகிறான்.

முதலில் டேர்டெவில் 183, 184 (1982). இரண்டே இதழ்கள். கொல்லவே மாட்டேன் என்னும் முகமூடி வீரன் டேர்டெவிலும் கொல்வதே வழி என்னும் பனிஷரும் ஒரே போதைமருந்துக் கும்பலைத் துரத்துகிறார்கள். இந்த மோதல் பிடித்தால் மேலே போகலாம்.

அடுத்து 1986-இன் குறுந்தொடர், ஸ்டீவன் கிராண்ட் எழுத்து, மைக் ஜெக் ஓவியம். முதல் அட்டையில் நான்கு இதழ்த் தொடர் என்று அச்சாகியிருக்கும். நம்பி நிறுத்திவிடாதீர்கள், மொத்தம் ஐந்து. கடைசி இதழை வேறு கைகள் முடித்ததால் அங்கே ஓவியமும் நடையும் மாறித் தெரியும்.

பிறகு 2000-இல் தொடங்கிய ‘வெல்கம் பேக், ஃபிராங்க்’, 12 இதழ்கள். கார்த் என்னிஸ், ஸ்டீவ் டில்லன் கூட்டணி. மூன்றாம் இதழை நிதானமாகப் படியுங்கள். பனிஷர் டேர்டெவிலைச் சங்கிலியால் கட்டி, கையோடு துப்பாக்கியை ஒட்டி வைத்து, ஒரு குற்றவாளியைக் காட்டி, ‘நான் இவனைக் கொல்லப் போகிறேன், தடுக்க வேண்டுமானால் என்னைச் சுடு’ என்று நிறுத்துகிறான். தனியாளாகத் தண்டனை வழங்குபவனைப் பற்றிய மொத்த வழக்கும் அந்தச் சில பக்கங்களில் அடங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் மேக்ஸ் என்ற வரிசையில் வந்த பனிஷர் தொடர் (2004–2008), 1 முதல் 60 வரை. இதே என்னிஸ்தான், ஆனால் நகைச்சுவை வற்றிவிட்டது. இங்கே முகமூடி வீரர்கள் கிடையாது. ஃபிராங்குக்கு வயதாகிறது, வியட்நாம் போர் அவன் உடம்போடு வருகிறது. முந்தைய கதைகளோடு இதைக் கோர்க்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். தனி உலகமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இதழ் கல்லறையில் தொடங்கி, மாஃபியாக் கிழவர் ஒருவரின் நூறாவது பிறந்தநாள் விருந்துக்குப் போகிறது. அதைத் தாங்க முடியாதவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெண்களைக் கடத்தி விற்கும் கும்பலைப் பற்றிய 25–30 அதைவிடக் கொடியது. எங்கள் கணிப்பில் தொடரின் உச்சமும் அதுதான். இது பெரியவர்களுக்கு மட்டுமான வரிசை. வீட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

‘பார்ன்’ (2003) என்ற நான்கு இதழ் வியட்நாம் கதையை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் மேக்ஸ் 55-ஐத் தொடும் முன் கட்டாயம் முடித்திருக்க வேண்டும். 55–60 நிற்பதே ‘பார்ன்’ கதையின் போர் முகாமில் நடந்தவற்றின் மேல்தான்.

61-லிருந்து வேறு எழுத்தாளர்கள், அவசரமில்லை. அவற்றை விட்டு, 2010-இல் ஜேசன் ஆரன் எழுதத் தொடங்கிய 22 இதழ்களுக்குப் போங்கள். அதன் பெயரும் பனிஷர்மேக்ஸ்தான், எண்ணும் ஒன்றிலிருந்துதான் ஓடும்.