ஆசாரத்து மூலையில் ஒரு 486

பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிக்குடோன். 486 சிப் வைத்த பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றுக்கு இடம் தேடினால் நான் முதலில் பார்ப்பது பஞ்சுத்தூசியைத்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும்போது, மேற்குச் சன்னலோரம் எதை வைத்தாலும் சாயங்காலத்துக்குள் படலம் கட்டிவிடும். வெயிலும் ஆகாது, பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், உள்ளடங்கிய ஒரு மூலை போதும், நாலடிக்கு இரண்டரையடி.

அந்த இரண்டரையடி ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 14 அங்குலப் படக்குழாய் மானிட்டரே ஒன்றேகால் அடி பிடித்துக்கொள்ளும். முன்னால் கீபோர்டும் மணிக்கட்டும், பின்னால் சூடு போக நாலு விரல் இடைவெளியும் வேண்டுமே. கம்ப்யூட்டர் பெட்டி (கேபினட்) படுக்கவைக்கும் வகை என்றால் மானிட்டரை அதன் மேலேயே ஏற்றுங்கள். இடமும் மிச்சம், கண்ணுக்கும் நேராக வரும்.

அடுத்தது கரன்ட். எர்த் உள்ள மூன்று முள் பிளக், ஒரு ஸ்டெபிலைசர். பிளக்கைச் செருகும் முன் கேபினட்டின் பின்பக்கம் சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது 230இல் இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடுத்துவந்த என் முதல் 486இல் அது 115இல் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பொட்டென்று ஒரு சத்தம், அப்புறம் புகை. பொடக்காளியிலிருந்து ஓடிவந்த அம்மா, "ஏஞ்சாமி, ஊட்டையே கொளுத்திப் போடுவயாட்ட இருக்குது!" என்றார். பவர் சப்ளை போனதோடு தப்பித்தேன்.

மூடியைக் கழற்றியதும் மதர்போர்டில் பீப்பாய் வடிவ பேட்டரி இருந்தால் யோசிக்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். 386, 486 காலத்துப் பலகைகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். நிக்கல் காட்மியம், வயதானால் காரம் கசிந்து செம்புக் கோடுகளை அரிக்கும். பச்சை பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து நன்றாகக் காயவிடுங்கள். பெண்டியம் காலத்து நாணய பேட்டரி அவ்வளவு கெட்டதில்லை.

மானிட்டரை மட்டும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

வேலை முடிந்து, சூடு ஆறியபின் துணி போட்டு மூட வேண்டும். நான் போடுவது சென்னிமலைப் படுக்கை விரிப்பு. டர்க்கி டவல் வேண்டாம், அதுவே பஞ்சு உதிர்க்கும். ஃபிளாப்பிகளை மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம், உள்ளே காந்தம்.

பேட்டரி எடுத்த கம்ப்யூட்டரைப் போட்டதும் பிழைச்செய்தி வரும், தேதி பெரும்பாலும் 1980க்குப் போயிருக்கும், ஹார்ட் டிஸ்க்கையும் மறந்திருக்கும். பயப்படாதீர்கள். டிஸ்க் லேபிளில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை, கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் செட்டப் திரையில் கொடுத்தால் போதும். அவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் கேட்கும்.