கார் சார்ஜ் ஏறவில்லையா? சார்ஜரை ஏமாற்றாதீர்கள்

எலக்ட்ரிக் காரில் சார்ஜ் ஏறவில்லை என்றதும் எல்லோருக்கும் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் வருகிறது. லட்சக்கணக்கில் செலவு வந்துவிட்டதோ என்று வயிறு கலங்கும். ஆனால் பெரும்பாலும் கோளாறு காருக்கு வெளியே, சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில்தான் இருக்கும். கன்னை (சார்ஜர் ஒயரின் நுனியில் காரில் செருகும் கைப்பிடி) மாட்டியதும் கரண்ட் பாய்ந்துவிடாது. சார்ஜரும் காரும் முதலில் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன, ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடுகின்றன. ஏன் மறுக்கிறது என்று பார்க்காமல், எப்படியாவது ஏற்ற வைத்துவிட வேண்டும் என்று இறங்குவதுதான் ஆபத்து.

இதில் மோசமானது எர்த் விஷயம். காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர், பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் 15 ஆம்ப்ஸ் பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பல நேரம் ஒயரே இருக்காது, இருந்தாலும் எர்த் குழி காய்ந்துபோய்ப் பல வருடம் ஆகியிருக்கும். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதிலேயே ஓடுவதால் யாருக்கும் தெரியாது, கார் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். சிவப்பு லைட் எரிகிறதே என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டால், சிலர் சாக்கெட்டைக் கழற்றி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு துண்டு ஒயரைப் போட்டு லூப் அடித்துவிடுவார்கள். பச்சை லைட் வந்துவிடும், சார்ஜும் ஏறும், அவரும் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

நடந்தது என்னவென்றால், சார்ஜரை ஏமாற்றியாகிவிட்டது. நாளைக்கு அந்த நியூட்ரல் ஒயர் எங்கேயாவது விட்டுப்போனாலோ, வேலை பார்க்கிறவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டாலோ, 230 வோல்ட் நேராகக் காரின் பாடிக்கு வந்துவிடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கிறவரின் கதி என்ன? எர்த் அரைகுறையாக இருக்கும் வீட்டில் இப்படி லூப் அடித்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி டிரிப் ஆகும், உடனே "அது தொல்லை சார்" என்று அதையும் பைபாஸ் செய்துவிடுகிற ஆட்களும் உண்டு. யார் சொன்னாலும் இந்த இரண்டையும் செய்ய விடாதீர்கள்.

மல்டிமீட்டர் வைத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். பேஸ்–நியூட்ரல் 230 வாக்கில் இருக்க வேண்டும், பேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு இருக்க வேண்டும், நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டோடு நிற்க வேண்டும். அது இருபது முப்பது காட்டினால் எர்த்தைப் பார்க்க வேண்டியதுதான். லோடு ஓடும்போதும் அச்சாகப் பூஜ்யமே காட்டினால் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம், முன்னாடியே யாராவது லூப் அடித்து வைத்திருக்கலாம், சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். குழியில் தண்ணீர் ஊற்றினால் தற்காலிகமாகச் சரியாகும், நிரந்தரத் தீர்வு புது எர்த் போடுவதுதான்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 3.3 கிலோவாட் சார்ஜர் 14, 15 ஆம்ப்ஸை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும், கீசர் மாதிரி பத்து நிமிஷத்தில் நின்றுவிடாது. மெல்லிசான ஒயரைப் பால்கனியிலிருந்து கீழே தொங்கவிட்டுச் சார்ஜ் போட்டால் பிளக் உருகும், வோல்டேஜ் இறங்கி சார்ஜர் பாதியில் நிற்கும். எம்சிபி (லோடு அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) விழுகிறது என்பதற்காக 16 ஆம்ப்ஸைக் கழற்றி 32 போடுவது அதைவிடப் பெரிய தவறு, அப்புறம் எம்சிபிக்குப் பதில் சுவருக்குள் இருக்கிற ஒயர்தான் எரியும். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரில் தனி லைன் இழுத்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில் காரை மாட்டவே கூடாது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவதற்கு முன் காரின் செட்டிங்ஸை ஒரு தடவை பாருங்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஏறட்டும் என்று எப்போதோ டைமர் வைத்திருப்பீர்கள், அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். கன் 'க்ளிக்' என்று உட்காராமல் போயிருக்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் டோ வண்டி வந்த பிறகு தெரிந்தால் சிரிப்பு வராது.

வீட்டில் ஏறவில்லை என்றால் வேறு ஏசி சார்ஜரில் (வீட்டுக் கரண்ட் மாதிரியே ஏசி கரண்ட் தருவது) போட்டுப் பாருங்கள். அங்கே ஏறினால் உங்கள் வீட்டு லைனோ சார்ஜரோதான் காரணம். எந்த ஏசியிலும் ஏறாமல் டிசி பாஸ்ட் சார்ஜரில் மட்டும் ஏறினால் காருக்குள் ஏசியை டிசியாக மாற்றித் தரும் ஆன்போர்டு சார்ஜர் மேல் சந்தேகப்படலாம், ஏனென்றால் டிசியில் கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை.

பலர் மறந்துவிடுவது 12 வோல்ட் சின்ன பேட்டரியை. அது செத்துவிட்டால் காரின் கம்ப்யூட்டர்களே எழுந்திருக்காது, பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டரும் மூடாது, எந்தச் சார்ஜரைக் கொண்டுவந்தாலும் பிரயோஜனமில்லை. இந்தச் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஐசிசியூ என்ற பாகத்தில் வந்த பிரச்சினைக்காகத்தான் 2024-ல் ஹூண்டாய் இந்தியாவில் அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. ஜம்ப் ஸ்டார்ட் செய்வதென்றால் மேனுவலில் காட்டியிருக்கும் முனைகளில் மட்டும் செய்யுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கையே போகக் கூடாது, அது நூற்றுக்கணக்கான வோல்ட்.

பப்ளிக் ஸ்டேஷனில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். யாராவது விளையாட்டுக்கு அமுக்கிவிட்டுப் போயிருக்கலாம், சும்மா அமுங்கியிருந்தால் பெரும்பாலும் திருகினால் வெளியே வரும். மெஷினில் ஏதாவது கருகின வாசனையோ தண்ணீரோ தெரிந்தால் மட்டும் தொடாமல் ஹெல்ப்லைனைக் கூப்பிடுங்கள். பழைய 15 கிலோவாட் பாரத் டிசி சார்ஜர்களின் கன் ஜிபி/டி வகை, வேறு வடிவமான சிசிஎஸ்2 கன்னுக்காகச் செய்த உங்கள் காரில் எவ்வளவு அழுத்தினாலும் போகாது. கன் மாட்டிக்கொண்டால் இழுத்துப் பிடுங்காமல் காரை ஒருமுறை லாக் செய்து அன்லாக் செய்யுங்கள். மழையில் நனைந்த கன்னின் பின் ஓட்டைகளுக்குள் ஊசி விட்டுக் குடைவது, எண்ணெய் ஸ்பிரே அடிப்பது எல்லாம் வேண்டாம், தானாகக் காயட்டும்.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் டாஷ்போர்டில் வரும் எர்ரரைப் போட்டோ எடுங்கள், சார்ஜரில் லைட் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதை வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் அவர்கள் முதலில் கேட்பதே அதுதான், அங்கே போனதும் வண்டி ஒழுங்காகச் சார்ஜ் ஏறித் தொலைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.